பொற்கொடி வேனின் மஞ்சள் லைட்டு

சிங்காநல்லூர் பொற்கொடிக்குக் கோபம் வந்தால் வாயைத் திறக்க மாட்டாள். வேனைக் கழுவ ஆரம்பித்துவிடுவாள். பக்கெட்டும் துணியுமாக அவள் வாசலுக்கு வந்துவிட்டால், "இன்னைக்கு யாருக்கோ கச்சேரி இருக்குது" என்று சந்துக்காரர்கள் ஒதுங்கிப் போவார்கள். ஆடி மாதத்தில் ஒரு வாரம் முழுக்க அந்த வேன் பளபளவென்று நின்றது. காலையில் ஒரு கழுவல், மாலையில் ஒரு கழுவல். பெயிண்ட் உரிந்துவிடும் போல இருந்தது.

காரணம், சூலூர் கதிர்வேல். விசைத்தறிக் கூடம் வைத்திருக்கிற மனுஷர். அவருடைய மகள் அக்ஷயா பொற்கொடியின் வேனில்தான் சிங்காநல்லூர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்து போகிறாள். அந்த வாரத் தொடக்கத்தில் அவர் போன் செய்தார்.

"ஏம்மா பொற்கொடி, எம்பட புள்ள தெனமும் உன்ற வேன்ல இருந்து எறங்குனா தலைவலிங்கறா, வாந்தியெடுக்கறா. டாக்டர்கிட்டக் காட்டினா ஒண்ணுமில்லைங்கறாரு. நீ வண்டியைத் தூக்கித் தூக்கிப் போடறியா, என்ன? இந்த வாரம் பார்ப்பேன். சரியாகலீன்னா திங்கக்கிழமையில இருந்து எங்க வீதிப் புள்ளைக எல்லாம் வேற வேன்ல போகும்."

அவர் சொன்னால் சொன்னதுதான். அந்த வீதியில் மற்ற வீட்டுக்காரர்கள் எல்லாம் கதிர்வேல் எந்தப் பக்கம் திரும்புகிறாரோ அந்தப் பக்கம் திரும்புகிறவர்கள். அவர் போனால் லைன் போச்சு. வேன்காரர்களுக்கு லைன் என்றால் உயிர். இன்னின்ன வீட்டுப் பிள்ளைகளை இன்னின்னார்தான் ஏற்றி இறக்குவது என்று பேசி வைத்திருக்கிற பாத்தியதை அது. ஒருமுறை கையை விட்டுப் போனால் திரும்ப வராது.

அந்த லைனைப் பிடிக்க பொற்கொடி பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். அவளைப் பெற்றவர்கள் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர்கள். அவள் நூல் மில்லுக்குப் போனாள். மில் மூடிக்கொண்டபோது கூட வேலை செய்தவர்களெல்லாம் வேறு மில் தேடிப் போக, இவள் மட்டும் டிரைவிங் ஸ்கூல் வாசலில் போய் நின்றாள். "சேலையக் கட்டிக்கிட்டு கிளட்ச் மிதிப்பியா அம்மணி?" என்று அங்கே சிரித்தார்கள். மறுநாள் சுடிதார் போட்டுக்கொண்டு போய் மிதித்தாள். லைசென்ஸ் வாங்கி, பழைய வேன் ஒன்றை வாங்கி, வீடு வீடாகப் போய்க் கேட்டபோது "பொம்பளை ஓட்டற வேனா?" என்று முதலில் ஒருவரும் பிள்ளையை அனுப்பவில்லை. அப்புறம் ஒரு தாய் துணிந்து அனுப்பினாள். பொம்பளை ஓட்டுகிற வேன் என்றால் நம்பி அனுப்பலாம் என்று மற்ற தாய்மார்களும் நினைக்கத் தொடங்கினார்கள். எந்தப் பேச்சு அவளைத் தடுத்ததோ அதுவே அவளுக்கு லைன் பிடித்துக் கொடுத்தது. இப்போது அதே ஆட்கள், "பொம்பளைக்கு வண்டி ஓட்டத் தெரியலை" என்று திருப்பிப் பேசிவிட்டால்? வேனைக் கழுவாமல் என்ன செய்வாள்!

கழுவியதோடு விட்டாளா? கண்ணாடியில் தொங்கவிட்டிருந்த சென்ட் டப்பாவைப் பிடுங்கி எறிந்தாள். சீட்டுக்குச் சீட்டு எலுமிச்சம்பழம் வைத்தாள். மாட்டு வண்டி வேகத்தில் ஓட்டினாள். பின்னால் வந்த பஸ்காரன் ஹாரனிலேயே அவளைத் திட்டித் தீர்த்தான். ஒன்றும் வேலைக்கு ஆகவில்லை. வியாழக்கிழமையும் அக்ஷயா வேனைவிட்டு இறங்கினதும் மதில் ஓரமாகக் குனிந்து நின்றுவிட்டாள். பொற்கொடி அவளுடைய முதுகைத் தடவிக்கொண்டே, தன் கண்ணில் வந்ததைத் தோளில் துடைத்துக்கொண்டாள்.

"பித்தமா இருக்கும்" என்றான் அவளுடைய புருஷன் ஜெரோம். லேத் பட்டறை வைத்திருக்கிறவன். இரும்பைக் கொடுத்தால் கடைந்து எதை வேண்டுமானாலும் செய்து தருவான். "இப்பத்த புள்ளைகளுக்குக் காத்தடிச்சாலும் பித்தம்."

"அப்படீங்களா? சனிக்கிழமை நீங்க வேனை ஓட்டுங்க. நான் பின்னாடி உக்காந்து பார்க்கறேன், பித்தமா என்னன்னு."

ஜெரோமுக்குச் சிரிப்பு. ஆனாலும் சனிக்கிழமை மத்தியானம் பிள்ளைகள் இல்லாத வெறும் வேனை ஓட்டினான். பொற்கொடி கடைசி சீட்டில், அக்ஷயா உட்காருகிற அதே மூலையில் உட்கார்ந்தாள். மழைச்சாரல் நேரத்தில் பிள்ளைகள் ஜன்னலை மூடிக்கொள்வது போல மூடிக்கொண்டாள். சூலூர் வரைக்கும் போகும்போது ஒன்றும் தெரியவில்லை. வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. திரும்பி வரும்போது சிங்காநல்லூர் சிக்னலில் மாட்டிக்கொண்டார்கள். நின்ற இடத்திலேயே எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் பெட்ரோல் நாற்றம் காலடியிலிருந்து எழும்பியது. கண் எரிந்தது. நெற்றிப்பொட்டில் யாரோ கட்டைவிரலால் அழுத்துவது போல இருந்தது. முன் சீட்டில் இத்தனை நாள் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு ஓட்டியவளுக்கு இது எப்படித் தெரியும்!

"எஞ்சினை நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று கதவைத் திறந்துகொண்டு இறங்கி, தள்ளாடி நின்றாள்.

"என்னாச்சு, உனக்கும் பித்தமா?" என்றான் ஜெரோம்.

"கெரகம், உங்க வாயை மூடுங்க" என்றாள். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவனும் மூடிக்கொண்டான்.

ஜெரோமைப் பட்டறையில் இறக்கிவிட்டு, நேராகத் திருச்சி ரோட்டில் ஃபர்சானாவின் புகைப் பரிசோதனைக் கடைக்கு வண்டியை விட்டாள். ஃபர்சானா ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்தவள். மிஷினில் வண்டியைக் காட்டாமல் சர்டிபிகேட் கேட்டு வருகிறவர்களிடம், "அதுக்கு நீங்க ஜெராக்ஸ் கடைக்குப் போகணும்" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிற ரகம். அதனால் அவள் கடையில் கூட்டம் குறைவு. பொற்கொடிக்கு அவளைப் பிடிக்கும்.

ஃபர்சானா சைலன்சருக்குள் குழாயைச் செருகினாள். திரையைப் பார்த்தாள். குழாயை உருவி, துடைத்து, மறுபடியும் செருகிப் பார்த்தாள்.

"அக்கா, இது வேனா, அடுப்பா? எஞ்சின் லைட்டு எரியலீங்களா உங்களுக்கு? மஞ்சளா, எஞ்சின் படம் போட்டு ஒண்ணு எரியுமே?"

"அது முன்னமே எரிஞ்சுது கண்ணு. மெக்கானிக் திருமலைசாமி அண்ணன் சரி பண்ணிக் குடுத்துட்டாரு. அப்பறம் எரியவே இல்லை."

ஃபர்சானா டார்ச்சை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் புகுந்தாள். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு ஸ்பேனர் சத்தம் கேட்டது. வெளியே வந்தவளின் கையில் விரல் நீளத்துக்கு ஒரு எவர்சில்வர் குழாய்த் துண்டு இருந்தது. பட்டறைக்காரர்கள் புஷ் என்பார்கள்.

"சரி பண்ணலீங்க்கா. வாயைப் பொத்தி வெச்சிருக்காங்க. பாருங்க, எவ்வளவு அம்சமா கடைஞ்சிருக்காங்கன்னு."

பொற்கொடி அதைக் கையில் வாங்கினாள். விளிம்பைத் தடவினாள். கை கிழியக்கூடாது என்று விளிம்பை அப்படி மழுக்கி விடுகிற ஆள் சிங்காநல்லூரில் ஒருத்தன்தான். அது யாரென்று தெரிந்ததை முகத்தில் காட்டிக்கொள்ளாமல், "எனக்கு விளங்கற மாதிரி சொல்லு கண்ணு, இது என்ன பண்ணுது?" என்றாள்.

ஃபர்சானா கையைத் துடைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"கல்யாணப் பந்தி பார்த்திருக்கீங்கல்ல? சாப்பிட்டு எந்திரிச்ச இலையை ஒரு ஆளு பார்த்துட்டு சமையக்கட்டுக்குச் சேதி சொல்றாருன்னு வெச்சுக்குங்க. இலையில சோறு மீந்து கெடந்தா குழம்பு பத்தலைன்னு அர்த்தம். சோறே இல்லாம குழம்பு ஓடிக்கெடந்தா, குழம்பை அள்ளி ஊத்தறாங்கன்னு அர்த்தம். எஞ்சினுக்குக் காத்துதான் சோறு, பெட்ரோல்தான் குழம்பு. ஆக்சிஜன் சென்சார்ங்கறது அந்த இலையைப் பார்க்கற ஆளு. புகைக்குழாயில உக்காந்துக்கிட்டு, எரிஞ்சு வர்ற புகையில ஆக்சிஜன் எவ்வளவு மீந்திருக்குன்னு பார்த்துக்கிட்டே இருக்கும். அது சொல்றதைக் கேட்டுத்தான் வண்டியோட கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும்."

"சரி, அது எங்கிருக்குது என்ற வண்டியில?"

"உங்க வண்டியில ரெண்டு இருக்குதுங்க்கா. நடுவுல புகையைச் சுத்தம் பண்ற ஒரு டப்பா. டப்பாவுக்கு முன்னாடி ஒரு சென்சார், பின்னாடி ஒண்ணு. முன்னாடி இருக்கறது பெட்ரோலுக்குச் சேதி சொல்றது. பின்னாடி இருக்கறது, டப்பா ஒழுங்கா வேலை செய்யுதான்னு பார்க்கறது. உங்க முன் சென்சாருக்கு வயசாயிப்போச்சு. எவ்வளவு ஊத்தினாலும் 'பத்தலை, பத்தலை'ங்குது. கம்ப்யூட்டரும் அதை நம்பி ஊத்துது. எரியாத பெட்ரோல் போயி டப்பாவைக் கெடுத்துப்போடுச்சு. பின்னாடி இருக்கற சென்சார் அதைத்தானுங்க்கா சொல்லுச்சு. லைட்டு அதுக்குத்தான் எரிஞ்சுது. அதைக் கழட்டி இந்தப் புஷ்ஷுக்குள்ள தள்ளி உக்கார வெச்சுட்டாங்க. புகை அதுகிட்ட நேராப் போகாது. எல்லாம் நல்லாருக்குன்னு அதும் சொல்லிக்கிட்டு உக்காந்திருக்குது."

"புகை உள்ள எப்படி வருது?"

"பின் கதவு ரப்பர் கிழிஞ்சிருக்குது. சைலன்சர் ஜாயிண்ட்டும் ஊதுது. வண்டி ஓடும்போது காத்துல போயிரும். நின்னா உள்ள ஏறும். பெட்ரோல் நாத்தமாவது மூக்குக்குத் தெரியும்க்கா. இந்தப் புகையில கார்பன் மோனாக்சைடு இருக்குது. அதுக்கு நாத்தம் கெடையாது. தலைவலி வரும், வாந்தி வரும், அப்பறம் தூங்க வெச்சிரும்."

தூங்க வைத்துவிடும். பொற்கொடி அந்தக் கடை வாசலிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு மாதமாக சிக்னல் தாண்டினதும் பின் சீட்டுப் பிள்ளைகள் தூங்கிவிடுகின்றன. அதைப் பார்த்து அவள் என்ன செய்தாள்? "நம்ம வேன்ல புள்ளைக தொட்டில்ல போட்டாப்பல தூங்குதுக" என்று எல்லாத் தாய்மார்களிடமும் பெருமை அடித்தாள். கொஞ்சமா நஞ்சமா அடித்தாள்! ஃபர்சானா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்தாள். இந்த வண்டியில் இனி ஒரு பிள்ளைகூட ஏறாது, எல்லாம் மாற்றிப் போட்டு இந்த மிஷின் சரியென்று சொல்கிற வரைக்கும். அங்கேயே முடிவு செய்துவிட்டாள். ஜன்னல்களை எல்லாம் இறக்கிவிட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனாள்.

ஜெரோம் லேத்தில் நின்றுகொண்டிருந்தான். அவள் புஷ்ஷை நீட்டினாள். "ஏனுங்க, இது யாரு கடைஞ்சது?"

அவன் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். முகம் மலர்ந்துவிட்டது. "நாந்தான். உன்ற வேனுக்குன்னு சொன்னதால ஸ்டெயின்லெஸ்ல கடைஞ்சேன். மத்தவங்களுக்கு வெறும் இரும்புதான். எப்படி, சுத்தமா இருக்குதா?"

இப்படிப்பட்ட ஆளை என்னவென்று திட்டுவது! பொற்கொடி ஃபர்சானா சொன்னதையெல்லாம் சொன்னாள். அவன் ஒத்துக்கொள்வானா? "அட, லைட்டு எரியுதுன்னு நீதானே அழுதே? அணைச்சுக் குடுத்தோம். நீதானே திருமலைசாமிக்குக் கோழி அடிச்சுச் சோறு போட்டே?"

"ஆமாங்க, போட்டேன். என்ன பண்ணுனீங்கன்னு அன்னைக்கே கேக்காதது எம்பட தப்புத்தான். நான் கோளாறைச் சரி பண்ணச் சொன்னேன். நீங்க கோளாறைச் சொல்றவன் வாயை அடைச்சுப்போட்டீங்க."

"இந்த ஊருல எல்லாம் அப்படித்தான் ஓடுது, பொற்கொடி. பம்பு சத்தம் போட்டா ஒரு புஷ். தறி ஆடினா ஒரு புஷ். புஷ் போட்டு ஓடாதது ஒண்ணு காட்டு பார்க்கலாம்."

அது என்னவோ நிஜம்தான். பூமியே ஆடுகிறது என்று இங்கே ஒரு பட்டறைக்காரரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். "சைஸ் சொல்லுங்க" என்பார். ஆடுவதை நிறுத்தினால் போதும், ஏன் ஆடியது என்று கேட்கிற பழக்கம் கிடையாது.

"பம்பு மேல புள்ளைக உக்காந்து போறதில்லீங்க" என்றாள் பொற்கொடி. "ஒரு மாசமா அதுக தூங்கலை. புகையில மயங்கிக் கெடந்துருக்குது. நானும் பார்த்துட்டு சிரிச்சுக்கிட்டே ஓட்டியிருக்கறேன்."

ஜெரோம் லேத்தை நிறுத்தினான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "சென்சாரையும் டப்பாவையும் புதுசா போட்டுறலாம். கதவு ரப்பரையும் மாத்திரலாம். ஆனா இதை வெளிய சொல்லாத அம்மணி. வண்டியில பழுது, சரி பண்ணியாச்சுன்னு மட்டும் சொல்லு. புருசன் கடைஞ்சு பொண்டாட்டி வேன்ல மாட்டுனான்னு தெரிஞ்சா, யாரு மறுபடி நம்ம வேன்ல புள்ளையை ஏத்துவாங்க?"

அவன் சொன்னதில் தப்பில்லை. ஒரு வார்த்தை பொய் சொன்னால் லைன் நிற்கும். உண்மையைச் சொன்னால் போய்விடும். பொற்கொடி வாசலில் நின்ற வேனைப் பார்த்தாள். அவளுக்கு அந்த வேன் மேல் எவ்வளவு ஆசை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"அக்ஷயாவை டாக்டர் பார்த்துட்டு ஒண்ணுமில்லைன்னு அனுப்பியிருக்கறாரு" என்றாள். "அவ என்னத்தை சுவாசிச்சான்னு அவருக்குத் தெரியாதுல்ல. நாம சொன்னாத்தானுங்க தெரியும். லைன் போனா போகுது. நான் சொல்லத்தான் போறேன்."

ஜெரோம் அன்றைக்கு அதற்கு மேல் வேலை செய்யவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்தும் வாய் திறக்கவில்லை. ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே, "திங்கக்கிழமை நானும் வாரேன்" என்று மட்டும் சொன்னான். புருஷன் துணைக்கு வருகிறான் என்று பொற்கொடி அவனுக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தாள்.

திங்கட்கிழமை காலையில் இருவரும் பஸ் ஏறிச் சூலூருக்குப் போனார்கள். வீதி முனையில் பிள்ளைகளும் தாய்மார்களும் நின்றுகொண்டிருந்தார்கள். கதிர்வேலும் அக்ஷயாவோடு நின்றார். "வேனு எங்க?" என்று கேட்டார்கள்.

பொற்கொடி எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, நடந்ததை நடந்தபடியே சொன்னாள். புஷ்ஷை எடுத்துக் காட்டினாள். தன் புருஷன் கடைந்தது என்பதையும் மறைக்கவில்லை. "பின் சீட்டுல உக்காந்த புள்ளைகளை இன்னொருக்கா டாக்டர்கிட்டக் காட்டுங்க. வேன் புகையை சுவாசிச்சுதுன்னு மறக்காம சொல்லுங்க. நான் தெரியாமத்தான் செஞ்சேன். ஆனா செஞ்சது நாந்தானுங்க. எல்லாம் மாத்தி, மிஷின்ல காட்டி சரின்னு வந்த பொறகுதான் வேனை எடுப்பேன். அது வரைக்கும் பஸ்ஸுல நானே கூட்டிட்டுப் போயி, நானே கூட்டிட்டு வாரேன்."

ஒரு தாய் தன் மகனை இழுத்து இடுப்போடு சேர்த்துக்கொண்டாள். கதிர்வேலின் முகம் சிவந்துவிட்டது. "எம்பட புள்ளையை ஒரு மாசமா புகையில போட்டு வாட்டிப்போட்டு, இப்ப பஸ்ஸுல கூட்டிட்டுப் போறாளாம்! ஒண்ணும் வேண்டாம். இனி இந்த வீதிப் பக்கம் வராத. அக்ஷயா, நீ வந்து கார்ல ஏறு. நானே கொண்டுபோயி விடறேன்."

அவர் போய்க் கார்க் கதவைத் திறந்து, அக்ஷயாவின் பையை உள்ளே போட்டார். பொற்கொடிக்கு அழுகை முட்டியது. ஆனாலும் நகராமல் நின்றாள்.

"ஏனுங்க" என்றான் ஜெரோம். அதுவரை பின்னால் நின்றவன் முன்னால் வந்தான். "புள்ளையை அதுல ஏத்தாதீங்க."

"நீ யாருய்யா சொல்றதுக்கு?"

"போன மாசம் உங்க கார்லயும் மஞ்ச லைட்டு எரிஞ்சுதுங்களா? திருமலைசாமி ஒரே நாள்ல அணைச்சுக் குடுத்தாருங்களா?" ஜெரோம் காரின் அடிப்பக்கத்தைக் காட்டினான். "அதுக்கும் நாந்தானுங்க கடைஞ்சேன். உங்க காருக்குன்னு சொல்லித்தான் வாங்கிட்டுப் போனாரு."

பொற்கொடி திரும்பிப் புருஷனைப் பார்த்தாள். இரண்டு நாள் வாய் திறக்காமல் இருந்தது இதற்குத்தானா! துணைக்கு வருகிறான் என்றல்லவா நினைத்திருந்தாள்.

"உங்க கார்ல புகை உள்ள வருதோ வரலையோ, எனக்குத் தெரியாதுங்க" என்றான் ஜெரோம். "ஆனா இனி கோளாறு முத்துனாலும் அந்த லைட்டு உங்களுக்குச் சொல்லாது. நான் சொல்லாம விட முடியலீங்க. ஸ்பேனர் கொண்டாந்திருக்கறேன். இப்பவே கழட்டித் தந்தர்றேன்."

கதிர்வேல் காரைப் பார்த்தார். அந்தக் காரில்தான் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கொடுமுடி போய் வந்திருந்தார். திருமலைசாமி கெட்டிக்காரன், ஒரே நாளில் வேலையை முடித்துக் கொடுத்துவிட்டான் என்று இதே வீதியில் நின்று அவரும்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

பஸ் வருகிற நேரம் ஆகிவிட்டது. "வர்ற புள்ளைக வாங்க கண்ணுகளா" என்றாள் பொற்கொடி. யாரும் வராவிட்டாலும் நாளைக்கும் இங்கே வந்து நிற்பது என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். மகனை இழுத்துப் பிடித்திருந்த அந்தத் தாய் சித்த நேரம் யோசித்துவிட்டு, அவனுடைய சட்டைக் காலரைச் சரிசெய்து முன்னால் அனுப்பினாள். அவனைப் பார்த்து இன்னும் சில பிள்ளைகள் வந்தார்கள். சிலர் வரவில்லை. இரண்டு தாய்மார் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கே திரும்பிவிட்டார்கள்.

ஜெரோம் சட்டையைக் கழற்றி மதில்மேல் வைத்துவிட்டு, கதிர்வேல் காருக்கு அடியில் மல்லாந்து படுத்தான். கதிர்வேல் அவன் கால்களையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு காருக்குள் கையைவிட்டு அக்ஷயாவின் பையை எடுத்தார். அதைப் பொற்கொடியின் கையில் கொடுத்தார்.

"சாயந்தரமும் நீயே கூட்டிட்டு வந்து விட்டுரு" என்றார்.